உள்பக்கத் தையல்

ஓதியப்பன் சட்டையின் உள்பக்கம்
வெளியே தெரியத்தான் போடுவார்.
கேட்டால்,
'தெச்சவன் எழுதினது உள்ள இருக்குது,
வித்தவன் எழுதினது வெளிய' என்பார்.
திருப்பூரில் இதற்காக யாரும்
அவரைப் பைத்தியம் என்று சொல்லவில்லை.
நாளெல்லாம் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஊர்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் லேபிள் அடிக்கிற வேலை.
பருத்தி எத்தனை சதம், எந்தச் சூட்டில் துவைக்க,
எட்டு மொழியில் அடிக்க வேண்டும்.
ஒன்பதாவதாகத் தமிழைச் சேர்த்தார்.
வாங்குகிற வெள்ளைக்காரன் அதை
இன்னொரு நாட்டுச் சலவைக் குறிப்பு
என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டான்.

நாவல் வெளியானது அப்படித்தான்.
லேபிளுக்கு ஒரு வரி,
நாற்பத்தோராயிரம் பனியன்,
இடது தையலில், இடுப்புக்கு நாலு விரல் மேலே.

'முறுக்கிப் பிழியாதே. அவள் இன்னும் வரவில்லை.'
'நிழலில் உலர்த்து. நிழல் இல்லையென்றால் நீயே நில்.'
'இந்த வரியை இஸ்திரி போடலாம். அடுத்ததை வேண்டாம்.'

தூத்துக்குடியில் கப்பல் ஏறியது.
முதல் அத்தியாயம் ஹாம்பர்க்கில்
யாரோ ஒருவன் விலாவில் அரித்துக்கொண்டிருக்கும்.
முழுதாகப் படிக்க
ஐரோப்பாவையே சட்டை கழற்றச் சொல்ல வேண்டும்.

அடித்து முடித்த தாள்களைப் பேக்கரிக்குக் கொடுத்துவிடுவார்.
தேங்காய் பன் மடித்த ஒரு பக்கத்தை
எண்ணெய்க் கறையோடு பத்திரப்படுத்தியிருந்தேன்.
எறும்பு வந்தது.

நான் பிரிண்டிங் பட்டறையில் கலர் சேர்க்கிறவள்.
அவர் சாகவில்லை;
ஒருநாள் நாலு மணி டீக்குப் போனவர்
அதற்குப் பிறகு டீக்கு மட்டுமே போய்க்கொண்டிருக்கிறார்.
குடோனில் ரிஜெக்ட் மூட்டையைக் கிளறியதில்
பதினேழு பனியன் கிடைத்தது.
கட்டையில் இழுத்துக் கட்டினேன்.
வரிகள் மேல் மெழுகு ஊற்றி
பட்டறையில் மிஞ்சிய நிறத்தையெல்லாம் ஊற்றி
சுரண்டி எடுத்தேன்.
ஒன்றுக்குக் கத்திரிப்பூ நிறம் வந்தது,
நான் கேட்காமலே.

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம்.
ஆடி மாதம், பாதி வாடகை.
மாலை மாட்டும் ஆணிகளில் படங்கள்.
ஒரு மெர்ச்சண்டைசர் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து
'நூத்தி அறுபது ஜிஎஸ்எம்' என்றார்.
சரியாகத்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் ராத்திரி
ஒன்றரை ஷிப்ட் முடிந்து
டிபன் கூடையோடு பாவாயக்கா வந்தாள்.
மூக்கு முட்டும் தூரத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
நிறத்தை அல்ல, தையலை.

'இதெல்லாம் நான் வெச்ச லேபிளு கண்ணு.'

படிச்சீங்களாக்கா?

'படிக்காம? ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸு.
போன் வெச்சுக்க உடமாட்டானுக.
மொதல்ல நல்லாத்தான் போச்சு.
அந்தப் புள்ளையக் கெணத்துல தள்ளப் பாத்தாரு பாரு,
அங்கதான் எனக்கு ஆகல.
அந்தக் கட்டு லேபிளப் பூராம்
காலடியில கத்திரிச்சுப் போட்டுட்டு
மீடியம் லேபிளையே ரெண்டு ரெண்டா வெச்சுத் தெச்சுப்போட்டேன்.'

அவருக்குத் தெரியுமா?

'கூட்டி அள்ளறப்பப் பாத்தாரு.
ஒரு வார்த்த பேசல.
அடுத்த நாள் லேபிள்ல
"சரி, அவள் ஏறி வந்துவிட்டாள்"னு இருந்துச்சு.
கயித்தப் புடிச்சா, படியிலயா,
அதொண்ணும் எழுதல மனுசன்.'

எத்தனாவது பனியனில் கிணறு என்று கேட்டேன்.
'யாரு கண்டா' என்று கூடையை எடுத்தாள்.
'பஸ்ஸு போயிரும்.'

மண்டபத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
பதினேழு படத்துக்கும்
நான் சொல்லி வைத்திருந்த அர்த்தங்களை
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தேன்,
சுவிட்ச் போர்டு வரைக்கும்.

இப்போது பதினெட்டு.
கடைசியில் வெறும் வெள்ளைத் துணி,
மெழுகு இல்லை, சாயம் இல்லை,
இடது ஓரத்தில் மீடியம், மீடியம்.
அதன் முன்னால்தான் ஆட்கள் நிற்கிறார்கள்.
என்ன சைஸு என்று கேட்கிறார்கள்.